சி.ஏ. 125 – ஒரு எண்ணின் வரலாறு

இது கொஞ்சம் நீளமான கட்டுரை. ஒரு டீ போட்டு வைத்துக்கொண்டு நிதானமாகப் படியுங்கள்.

சில வருடங்களுக்கு முன்னால் எங்கள் பெரியம்மாவுக்கு வயிறு உப்ப ஆரம்பித்தது. இரண்டு வாய்க்கு மேல் சோறு இறங்கவில்லை. லால்பேட்டையில் நம் வீடுகளில் இதற்கெல்லாம் முதல் பெயர் 'வாயு'தானே! ஓமத் தண்ணீர், இஞ்சிச் சாறு, மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய மாத்திரை என்று ஒன்றரை மாதம் ஓடியது. கடைசியில் ஸ்கேன் எடுத்தால் வயிறு முழுக்க நீர். கூடவே ஒரு ரத்தப் பரிசோதனை. அந்தத் தாளில் ஒரே ஒரு வரிதான் தடித்த எழுத்தில் இருந்தது: சி.ஏ. 125 – 412. பக்கத்திலேயே, 35க்குள் இருக்க வேண்டும் என்று போட்டிருந்தது.

துபாயில் இருக்கும் அண்ணனுக்கு போன் போனது. அவர் இணையத்தில் தேடிவிட்டு, "சினைப்பை கேன்சர்னு போட்டிருக்கு" என்றார். அன்று ராத்திரி வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. பெரியம்மா மட்டும் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "தம்பி, நீதான் காலேஜ்ல படிக்கிறியே... அந்த நம்பர் என்னப்பா சொல்லுது?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கியவன், ஒரு எண்ணுக்கு முன்னால் வாயடைத்து நின்றேன். அந்தக் கேள்விக்காகத் தேடித் தேடிப் படித்ததுதான் இந்தக் கட்டுரை. பெரியம்மாவுக்கு என்ன ஆனது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். (ஓடிப்போய் முடிவை மட்டும் பார்க்காதீர்கள்!)

இரண்டு கேள்விகள்

சினைப்பை என்பது கர்ப்பப்பையின் இரு பக்கமும் இருக்கும், கருமுட்டை உருவாகும் உறுப்பு. அங்கே வரும் புற்றுநோயில் பெரிய சிக்கல், அது சத்தம் போடாமல் வளர்வது. வயிற்றுக்குள் இடம் தாராளமாக இருக்கிறது. கட்டி வளர்ந்து, பரவி, நீர் கோர்த்த பிறகுதான் பெரும்பாலோருக்குத் தெரிகிறது. உலகப் புற்றுநோய் மதிப்பீட்டின்படி 2020-ல் இந்தியாவில் 45,000க்கும் அதிகமான பெண்களுக்கு இது புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டது. அதே ஆண்டில் சுமார் 32,000 பேர் இதனால் இறந்தார்கள்.

இந்த நோயை ரத்தத்தில் ஓடும் புரதங்களை வைத்துப் பிடிக்க முடியுமா? இது ஒரு கேள்வி. கட்டி வளரத் தேவையான ரத்தக்குழாய்களைத் தடுத்தே அதை அடக்க முடியுமா? இது இன்னொரு கேள்வி. இரண்டு கேள்விகளையும் வேறு வேறு மனிதர்கள், வேறு வேறு ஊர்களில் கேட்டார்கள். பெரியம்மாவின் வயிற்றில் சேர்ந்த நீரும், அந்தத் தாளில் இருந்த எண்ணும் இந்த இரண்டு கதைகளுக்குள்ளும் வருகின்றன.

முதல் கதை: கட்டிக்கும் தண்ணீர் வேண்டும்

நம் ஊர்க்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். கொள்ளிடத்துத் தண்ணீர் கீழணையில் தேங்கி, வடவாறு வழியாக வீராணம் ஏரிக்கு வருகிறது. ஏரியிலிருந்து மதகு மதகாகப் பிரிந்து வயலுக்குப் போகிறது. வாய்க்கால் எட்டாத இடத்தில் நெல் விளையாது. உடம்பும் அப்படித்தான். ரத்தக்குழாயை விட்டுக் கொஞ்சம் தள்ளிப் போனாலே ஒரு செல்லுக்கு ஆக்சிஜன் கிடைக்காது.

1960களின் தொடக்கம். அமெரிக்கக் கடற்படையில் பணியாற்றிய ஜூடா ஃபோக்மன் என்ற இளம் அறுவை மருத்துவர், நீண்ட நாள் கடலில் இருக்கும் கப்பல்களுக்காக ரத்தத்துக்கு மாற்று ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார். ஃபிரெடரிக் பெக்கர் என்பவரோடு சேர்ந்து, உடலிலிருந்து எடுத்த தைராய்டு சுரப்பியைக் கண்ணாடிக் கலத்தில் வைத்து, அதற்குள் மாற்றுத் திரவத்தைச் செலுத்தி உயிரோடு வைத்திருந்தார். அதில் புற்றுச் செல்களைப் போட்டுப் பார்த்தார்கள். கட்டிகள் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வளர்ந்தன. அதோடு நின்றுவிட்டன! சாகவில்லை, வளரவும் இல்லை. அதே கட்டிகளை எடுத்து எலியின் உடலில் வைத்தபோது மளமளவென்று பெருத்தன.

என்ன வித்தியாசம்? எலியின் உடலில் கட்டியை நோக்கிப் புதிய ரத்தக்குழாய்கள் முளைத்தன. கண்ணாடிக் கலத்தில் இருந்த சுரப்பியில் முளைக்கவில்லை.

இதிலிருந்துதான் ஃபோக்மனுக்கு அந்த எண்ணம் வந்தது. கட்டி தன்னைச் சுற்றியுள்ள குழாய்களுக்கு ஏதோ ஒரு புரதத்தால் 'இங்கே வா' என்று சமிக்ஞை அனுப்புகிறது, அந்தச் சமிக்ஞையை நிறுத்தினால் கட்டி மில்லிமீட்டர் அளவிலேயே நின்றுவிடும் என்று 1971-ல் ஒரு புகழ்பெற்ற மருத்துவ இதழில் எழுதினார். கட்டிக்குள் குழாய்கள் வருவதை அவருக்கு முன்பே சிலர் கவனித்திருந்தார்கள். 1939-லும் 1945-லும் அப்படிப்பட்ட ஆய்வுகள் வந்திருக்கின்றன. ஆனால் 'அதையே சிகிச்சையாக மாற்றலாம்' என்று துணிந்து சொன்னவர் ஃபோக்மன். பல வருடங்கள் அவரை யாரும் பெரிதாக நம்பவில்லை. கட்டிக்குள் இருக்கும் குழாய்கள் வெறும் வீக்கத்தின் விளைவு என்றே பலரும் நினைத்தார்கள்.

வயிற்று நீரிலிருந்து ஒரு புரதம்

அந்தச் சமிக்ஞைப் புரதம் எது? இதற்கு விடை வந்த வழி வேடிக்கையானது. குழாயைத் தேடிப் போனவர்கள் மட்டுமல்ல, வயிற்று நீரைத் தேடிப் போனவர்களும் அங்கே வந்து சேர்ந்தார்கள்.

வயிற்றில் நீர் கோர்ப்பதை நம் பழைய வைத்தியத்தில் மகோதரம் என்பார்கள். புற்றுநோயில் அந்த நீர் எங்கிருந்து வருகிறது? பாஸ்டனில் டொனால்ட் செங்கர், ஹெரால்ட் டுவோராக் குழுவினர் கினிப்பன்றிகளில் இதை ஆராய்ந்தார்கள். புற்றுச் செல்கள் சுரக்கும் ஒரு பொருள், ரத்தக்குழாய்களின் சுவரைக் கசியவைக்கிறது, அந்தக் கசிவுதான் வயிற்றில் நீராகச் சேர்கிறது என்று 1983-ல் அறிவித்தார்கள். அதற்கு 'குழாய்க் கசிவுக் காரணி' என்று பெயர் வைத்தார்கள். புற்றுக்கட்டி என்பது ஆறாத புண்ணைப் போன்றது என்று டுவோராக் 1986-ல் விளக்கினார். புண் ஆறும்போது உடம்பு புதுக் குழாய் போடும், ஆறியதும் நிறுத்திவிடும். கட்டியில் மட்டும் அந்த வேலை நிற்பதே இல்லை.

இன்னொரு பக்கம், கலிஃபோர்னியாவில் ஜெனென்டெக் நிறுவனத்தில் வேலை செய்த நெப்போலியோன் ஃபெராரா என்ற இத்தாலிய விஞ்ஞானி, ரத்தக்குழாய்ச் செல்களைப் பெருகவைக்கும் ஒரு புரதத்தைப் பிரித்தெடுத்தார். 1989-ல் அதன் அமைப்பு வெளியானது. அதே சமயத்தில் வேறொரு குழு கசிவுக் காரணியின் அமைப்பை வெளியிட்டது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்... இரண்டும் ஒன்றே! ஒரே புரதம்தான் குழாயை வளர்க்கவும் செய்கிறது, கசியவைக்கவும் செய்கிறது. அதுதான் இன்று வி.இ.ஜி.எஃப். என்று அழைக்கப்படும் புரதம்.

செல்லுக்கு ஆக்சிஜன் குறையும்போது இந்தப் புரதம் அதிகம் சுரக்கிறது. செல்கள் ஆக்சிஜன் குறைவை எப்படி உணர்கின்றன என்பதைக் கண்டுபிடித்த மூன்று பேருக்கு 2019-ல் மருத்துவ நோபல் பரிசு கொடுத்தார்கள்.

இதில் சினைப்பைக்கு ஒரு தனி இடம் உண்டு. வளர்ந்த உடம்பில் புதிய ரத்தக்குழாய் போடும் வேலை பெரும்பாலும் நடப்பதில்லை. ஆனால் சினைப்பையில் மாதா மாதம் நடக்கிறது. கருமுட்டை வெளியேறிய இடத்தில் சில நாட்களுக்குள் அடர்த்தியாகக் குழாய்கள் முளைத்து, கர்ப்பம் இல்லையென்றால் திரும்பவும் வாடிவிடும். மதகைத் திறந்து, வேலை முடிந்ததும் மூடும் ஒழுங்கு அது. புற்றுநோயில் மதகு திறந்தது திறந்தபடியே கிடக்கிறது. சினைப்பைப் புற்றுநோயில் வயிற்று நீர் ஏன் இவ்வளவு அதிகம் சேர்கிறது என்பதற்கு வி.இ.ஜி.எஃப். ஒரு முக்கியக் காரணம்.

இரண்டாவது கதை: 125வது முயற்சி

இப்போது அந்த எண்ணுக்கு வருவோம்.

நோயைச் சொல்லும் புரதத்தைத் தேடுவது புதிய வேலை அல்ல. 1848-லேயே லண்டனில் ஹென்றி பென்ஸ் ஜோன்ஸ் என்ற மருத்துவர் ஒரு நோயாளியின் சிறுநீரில் இருந்த விசித்திரமான புரதத்தைப் பற்றி எழுதினார். அது எலும்பு மஜ்ஜைப் புற்றுநோயின் அடையாளம் என்று பிறகு தெரிந்தது. 1963-ல் ரஷ்யாவின் அபெலெவ் கல்லீரல் கட்டிகளில் ஒரு புரதத்தையும், 1965-ல் கனடாவில் கோல்ட், ஃபிரீட்மன் இருவரும் குடல் புற்றுநோயில் இன்னொன்றையும் கண்டார்கள்.

1975-ல் கேம்பிரிட்ஜில் கோலர், மில்ஸ்டைன் இருவரும் ஒரே மாதிரியான எதிர்ப்புப் புரதங்களை வேண்டிய அளவு உற்பத்தி செய்யும் முறையைக் கண்டுபிடித்தார்கள். (1984-ல் நோபல் பரிசு.) ஒரு பூட்டுக்கு ஒரே சாவி என்பதைப் போல, ஒவ்வொரு எதிர்ப்புப் புரதமும் ஒரே ஒரு இலக்கைத்தான் பிடிக்கும்.

பாஸ்டனில் ராபர்ட் பாஸ்ட், ராபர்ட் நாப் இருவரும் இந்த முறையைக் கையில் எடுத்தார்கள். சினைப்பைப் புற்றுச் செல்களை எலிக்குச் செலுத்தி, அவற்றை மட்டும் பிடிக்கும் எதிர்ப்புப் புரதத்தைத் தேடினார்கள். ஒன்று சரியில்லை, அடுத்தது சரியில்லை என்று எண்ணிக்கொண்டே போய், 125 என்ற எண்ணிட்டதில்தான் கிடைத்தது. அது வெளியானது 1981-ல். ஆக, சி.ஏ. 125 என்பதில் இருக்கும் 125க்கு மருத்துவ அர்த்தம் எதுவும் இல்லை. அது பொறுமையின் எண்ணிக்கை!

1983-ல் ரத்தத்தில் இதை அளக்கும் முறை வந்தது. 888 ஆரோக்கியமானவர்களில் 1 சதவீதம் பேருக்குத்தான் அளவு 35ஐத் தாண்டியது. சினைப்பைப் புற்றுநோய் உள்ள 101 பேரில் 82 சதவீதம் பேருக்குத் தாண்டியது. லேப் தாள்களில் இன்றும் நாம் பார்க்கும் அந்த '35' இங்கிருந்து வந்ததுதான். அறுவைக்கும் மருந்துக்கும் பிறகு நோய் குறைகிறதா, கூடுகிறதா என்று பார்க்க இது அருமையாக உதவியது. இன்றும் உதவுகிறது.

அந்த 1983 கட்டுரையிலேயே இன்னொரு வரியும் இருந்தது. புற்றுநோய் அல்லாத வேறு நோய்கள் உள்ள 143 பேரில் 6 சதவீதம் பேருக்கும் அளவு 35ஐத் தாண்டியிருந்தது. இந்த வரியை எத்தனை பேர் கவனித்தார்கள் என்பதுதான் கேள்வி.

ஏன் இந்த எண் ஏமாற்றுகிறது?

2001-ல்தான் இந்தப் புரதத்தின் முழு உருவம் தெரிந்தது. அது சளிப் படலங்களில் இருக்கும் ஒரு மிகப் பெரிய புரதம். வயிற்றின் உள்சவ்வு, நுரையீரலின் உறை, இதயத்தின் உறை எல்லாவற்றிலும் இருக்கிறது. புற்றுநோய்தான் வேண்டும் என்பதில்லை, இந்தச் சவ்வு எதனால் எரிச்சலடைந்தாலும் அளவு ஏறலாம். மாதவிலக்கு, கர்ப்பம், கர்ப்பப்பைச் சதைக்கட்டி, எண்டோமெட்ரியோசிஸ், கல்லீரல் சுருக்கம்... முக்கியமாக நம் நாட்டில், வயிற்றுக் காசநோய்.

காசநோய் என்றால் இருமல் மட்டும் என்று நாம் நினைக்கிறோம். அது வயிற்றின் சவ்விலும் வரும். வயிறு வீங்கும், நீர் கோர்க்கும், உடம்பு மெலியும், ஸ்கேனில் கட்டி மாதிரியே தெரியும், சி.ஏ. 125 நூற்றுக்கணக்கில் ஏறும். உலகக் காசநோயாளிகளில் ஏறக்குறைய நாலில் ஒருவர் இந்தியாவில் இருக்கிறார். எனவே பாஸ்டனில் பிறந்த எண்ணை நம் ஊரில் படிக்கும்போது நம் ஊர் நோய்களையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். சதையெடுத்துப் பார்க்காமல் இது எது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

எதிர்ப்பக்கமும் உண்டு. ஆரம்ப நிலைப் புற்றுநோயில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அளவு ஏறுவதே இல்லை. அதாவது, 35க்குள் இருக்கிறது என்று நிம்மதியாகவும் இருந்துவிட முடியாது!

லட்சக்கணக்கான பெண்கள் சொன்ன பதில்

'அப்படியானால் எல்லாப் பெண்களுக்கும் வருடா வருடம் பரிசோதித்தால் என்ன?' நியாயமான கேள்விதான். இதற்காகவே இரண்டு பிரமாண்டமான ஆய்வுகள் நடந்தன.

அமெரிக்காவில் 78,216 பெண்கள். 2011-ல் முடிவு வந்தது. பரிசோதித்த குழுவில் சாவு குறையவில்லை. மாறாக 3,285 பேருக்கு இல்லாத நோய் இருப்பதாகக் காட்டியது. அவர்களில் 1,080 பேருக்கு அறுவை சிகிச்சை நடந்தது. அதில் 163 பேருக்குக் கடுமையான பின்விளைவுகள் ஏற்பட்டன. நோயே இல்லாதவர்களுக்கு!

பிரிட்டனில் இரண்டு லட்சத்துக்கும் அதிகமான பெண்கள். இயன் ஜேக்கப்ஸ், உஷா மேனன் ஆகியோர் நடத்திய இந்த ஆய்வில், ஒரு தடவை எடுத்த எண்ணை நம்பாமல், வருடா வருடம் அந்த எண் எப்படி மாறுகிறது என்று பார்த்தார்கள். 2021-ல் இறுதி முடிவு வந்தது. நோயைக் கொஞ்சம் முன்னதாகவே கண்டுபிடிக்க முடிந்தது. ஆனால் சாவு எண்ணிக்கை குறையவில்லை.

இருபது வருட உழைப்பு, இரண்டு லட்சம் பெண்கள், பதில் 'பயனில்லை'. ஆனால் இந்தப் பதிலும் பெரிய அறிவுதான். இந்தப் புற்றுநோயின் மிகக் கொடிய வகை பெரும்பாலும் சினைப்பையிலேயே தொடங்குவதில்லை, கருக்குழாயின் நுனியில் தொடங்குகிறது என்று 2000களில் வந்த ஆய்வுகள் காட்டின. கட்டி கண்ணுக்குத் தெரியும் முன்பே அது பரவத் தொடங்கியிருக்கலாம்.

இன்னொரு ஆய்வும் என்னை யோசிக்க வைத்தது. சிகிச்சை முடிந்து நலமாக இருப்பவருக்கு இந்த எண் மறுபடி ஏறினால் உடனே மருந்தைத் தொடங்கலாமா, அல்லது தொந்தரவு தெரியும்வரை காத்திருக்கலாமா? 529 பெண்களிடம் இதைச் சோதித்து 2010-ல் வெளியிட்டார்கள். எண்ணைப் பார்த்து முன்கூட்டியே மருந்து தொடங்கியவர்கள் கூடுதல் நாள் வாழவில்லை. நல்ல நிலையில் இருக்கும் நாட்கள்தான் அவர்களுக்குக் குறைந்தன.

இதனால்தான் இன்று ஒற்றை எண்ணை நம்பாமல் சேர்த்துப் பார்க்கிறார்கள். 1990-ல் ஜேக்கப்ஸ் குழுவினர் சி.ஏ. 125, ஸ்கேன், மாதவிலக்கு நின்றுவிட்டதா என்ற மூன்றையும் சேர்த்து ஒரு கணக்குப் போட்டார்கள். பிறகு எச்.இ. 4 என்ற இன்னொரு புரதமும் சேர்ந்தது. ஏற்கெனவே ஒரு கட்டி தெரிந்தவர்களிடம், அது ஆபத்தானதா என்று கணிக்கவே இவையெல்லாம் பயன்படுகின்றன. ஆரோக்கியமாக இருப்பவரைச் சலித்தெடுக்க அல்ல.

மதகை மூடினால்?

இப்போது இரண்டு கதைகளும் சந்திக்கின்றன.

வி.இ.ஜி.எஃப். புரதத்தைப் பிடித்து முடக்கும் எதிர்ப்புப் புரதம் எலிகளில் கட்டியின் வளர்ச்சியைக் குறைத்ததை ஃபெராரா குழுவினர் 1993-ல் காட்டினார்கள். அதிலிருந்து வந்த மருந்துதான் பெவாசிஸுமாப் (கடைப் பெயர் அவாஸ்டின்). 2004-ல் குடல் புற்றுநோய்க்கு முதலில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதே ஆண்டில்தான் நம் வீராணத்துத் தண்ணீர் குழாய் வழியாகச் சென்னைக்குப் போனது என்பது சும்மா ஒரு தற்செயல்!

சினைப்பைப் புற்றுநோயில் இரண்டு பெரிய ஆய்வுகளின் முடிவு 2011-ல் வந்தது. 1,873 பெண்கள் கலந்துகொண்ட ஒன்றில், வழக்கமான மருந்தோடு இதையும் தொடர்ந்து கொடுத்தபோது நோய் மறுபடி தலைதூக்காமல் இருந்த காலம் 10.3 மாதத்திலிருந்து 14.1 மாதமாக நீண்டது. ஆனால் மொத்தமாகப் பார்த்தால் ஆயுள் நீளவில்லை. நோய் அதிகம் முற்றியவர்களுக்கு, குறிப்பாக வயிற்றில் நீர் கோர்த்தவர்களுக்கு, பலன் கூடுதலாகத் தெரிந்தது. ஐரோப்பாவில் 2011-லும், அமெரிக்காவில் 2014-லும் சினைப்பைப் புற்றுநோய்க்கு அனுமதி கிடைத்தது. ரத்த அழுத்தம் ஏறுவது, அபூர்வமாகக் குடலில் ஓட்டை விழுவது போன்ற ஆபத்துகளும் உண்டு.

ஃபோக்மன் கனவு கண்டது, குழாயை அடைத்துக் கட்டியைப் பட்டினி போடுவது. ஆனால் நடந்தது வேறு என்று விளக்கியவர் ஒரு இந்தியர். உத்தரப் பிரதேசத்தின் லலித்பூரில் பிறந்து, கான்பூர் ஐ.ஐ.டி.யில் வேதிப் பொறியியல் படித்து, ஹார்வர்டில் பேராசிரியரான ராகேஷ் ஜெயின். கட்டியின் குழாய்கள் கோணல்மாணலாக, ஒழுகிக்கொண்டு இருக்கும். அதனால் செலுத்தும் மருந்தும் உள்ளே சரியாகப் போவதில்லை. கரை உடைந்த வாய்க்காலில் தண்ணீர் கடைமடைக்குப் போகாதது போல! வி.இ.ஜி.எஃப். குறைந்தால் குழாய்கள் சிறிது காலம் ஒழுங்காகி, மற்ற மருந்துகள் உள்ளே போக வழி கிடைக்கிறது என்று 2001-ல் அவர் எழுதினார். 2016-ல் அமெரிக்க அதிபரிடம் தேசிய அறிவியல் பதக்கம் பெற்றார். ஃபோக்மன் 2008 ஜனவரியில் காலமானார். தன் எண்ணம் மருந்தாக மாறியதை அவர் பார்த்துவிட்டார். பலரும் எதிர்பார்த்த அதிசயமாக அது மாறவில்லை என்பதையும் பார்த்தார்.

'அந்த வி.இ.ஜி.எஃப். அளவையே ரத்தத்தில் பார்த்து, யாருக்கு இந்த மருந்து பலிக்கும் என்று சொல்லிவிடலாமே?' என்று கேட்கத் தோன்றுகிறதா? எனக்கும் தோன்றியது. முயன்று பார்த்தார்கள். ரத்தத் தட்டணுக்களுக்குள்ளும் இந்தப் புரதம் இருக்கிறது. எடுத்த ரத்தம் உறையும்போது அது வெளியே வந்து கணக்கைக் குழப்பிவிடுகிறது. இந்த மருந்துக்கு ஆளைத் தேர்ந்தெடுக்கும் நம்பகமான ரத்தக் குறிப்பான் இன்றுவரை கிடைக்கவில்லை.

விலை ஒரு பெரிய சுவராக இருந்தது. 2016-ல் ஹைதராபாத்தின் ஹெட்டிரோ நிறுவனம் இந்த மருந்தின் இந்திய வடிவத்தைக் கொண்டுவந்தது. பிறகு வேறு சில நிறுவனங்களும் வந்தன. இன்றும் சாதாரணக் குடும்பத்துக்கு இது சிறிய செலவு அல்ல.

அடையாறில் ஒரு ஓலைக் காலம்

பாஸ்டன், லண்டன் என்று சுற்றிவிட்டோம். மருந்தும் பரிசோதனையும் கண்டுபிடித்தால் மட்டும் போதாது, அது ஒரு ஏழைப் பெண்ணுக்கு எட்டவும் வேண்டும். அதற்கான வாய்க்காலை நம் பக்கம் வெட்டியவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. அவர் பெயரை நாம் மகப்பேறு நிதியுதவித் திட்டத்தோடு மட்டும் தெரிந்து வைத்திருக்கிறோம். 1886-ல் புதுக்கோட்டையில் பிறந்தவர். 1923-ல் தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். புற்றுநோய்க்கென்று தனி மருத்துவமனை வேண்டும் என்ற எண்ணத்தை 1935-ல் சென்னை மருத்துவக் கல்லூரி நூற்றாண்டு விழாவில் பேசினார். பணம் திரட்டி, அரசிடம் மன்றாடி, அது நடக்க மேலும் பத்தொன்பது வருடங்கள் ஆயின. 1952-ல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954-ல் 12 படுக்கைகளோடு அடையாறு புற்றுநோய் மருத்துவமனை தொடங்கியது. அவருடைய மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955-ல் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தார்கள். சாந்தா அம்மையார் 2021 ஜனவரியில் மறையும்வரை அந்த வளாகமே அவருக்கு வீடு.

யோசித்துப் பாருங்கள். சி.ஏ. 125 பிறப்பதற்கு 27 வருடம் முன்பே அடையாறில் கதவு திறந்துவிட்டது. அப்போது மருத்துவரின் கையும் நோயாளியின் வாய்ச்சொல்லும்தான் முக்கியக் குறிப்பான்கள். இன்று லால்பேட்டையிலிருந்து சிதம்பரம் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி பக்கத்தில் இருக்கிறது (2021 முதல் அது அரசுக் கல்லூரி). புதுச்சேரியில் ஜிப்மர் இருக்கிறது. கதவுகள் அதிகமாகிவிட்டன. போவதில்தான் தாமதம்.

பெரியம்மாவின் கேள்விக்குப் பதில்

அவரைப் பெரிய மருத்துவமனைக்கு அழைத்துப் போனோம். அங்கிருந்த பெண் மருத்துவர் அந்தத் தாளை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு மடித்து வைத்தார். பிறகு அரை மணி நேரம் பெரியம்மாவிடம் கேள்வி கேட்டார். சாயங்காலம் காய்ச்சல் வருகிறதா? வீட்டில் யாருக்காவது டி.பி. இருந்ததா? நீரை எடுத்துச் சோதித்தார்கள். சிறு துளை போட்டு உள்ளே பார்த்துச் சதையெடுத்தார்கள். புற்றுநோய் இல்லை. வயிற்றுக் காசநோய்! ஆறு மாதம் மாத்திரை. நீர் வற்றியது, எண்ணும் இறங்கியது. இப்போது எங்கள் வீட்டில் அதட்டிப் பேசும் ஆள் மறுபடியும் அவர்தான்.

எங்களுக்கு நல்ல செய்தி வந்தது. அதே 412 இன்னொரு வீட்டில் உண்மையிலேயே புற்றுநோயாக இருந்திருக்கும். அதனால் 'பயப்படாதீர்கள், டி.பி.யாகத்தான் இருக்கும்' என்று நான் சொல்லவில்லை. நான் சொல்வது இதுதான். அந்த எண் ஒரு கேள்வி. பதில் அல்ல. அதைக் கேட்க வேண்டிய நேரத்தில், கேட்க வேண்டியவரிடம் கேட்க வேண்டும்.

எந்தத் தொந்தரவும் இல்லாத பெண், 'பேக்கேஜில் சேர்ந்து வருகிறது' என்று இதை எடுக்க வேண்டியதில்லை. ஆனால் வயிற்று உப்பசம், கொஞ்சம் சாப்பிட்டாலே நிறைந்துவிடுவது, அடிவயிற்று வலி, அடிக்கடி அவசரமாகச் சிறுநீர் வருவது, இவை புதிதாகத் தொடங்கி மாதத்தில் பன்னிரண்டு நாட்களுக்கு மேல் இருந்தால் அதை 'வாயு' என்று தள்ளிப்போடாதீர்கள். அம்மாவுக்கோ சகோதரிக்கோ மார்பக, சினைப்பைப் புற்றுநோய் இருந்திருந்தால் மரபணுப் பரிசோதனை பற்றியும் மருத்துவரிடம் கேளுங்கள்.

எங்கள் வீட்டில் அந்த ஒன்றரை மாத ஓமத் தண்ணீரை நினைத்தால் எனக்கு இன்னும் உறுத்துகிறது. நமக்கு அதிர்ஷ்டம், வந்தது காத்திருக்கக்கூடிய நோய். உங்கள் அம்மா, பெரியம்மா, சாச்சி யாராவது சோற்றுத் தட்டைப் பாதியில் தள்ளி வைக்கிறார்களா என்று இன்றைக்கு ஒரு தடவை கவனியுங்கள். இவ்வளவு நேரம் படித்ததற்கு அதுவே போதும்.